பத்தாவது விதி

ஸஃப்னா முன்பள்ளி ஆசிரியைகள் சங்கத்துக்குச் செயலாளரானது கையெழுத்து அழகு என்ற ஒரே காரணத்தால்தான். தில்லையடியில் பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குகிறாள். எதிர்த்துப் பேசுவது மட்டும் அவளுக்கு வராது. கொரோனாவால் ஒன்றரை வருடம் கூடாமல் கிடந்த சங்கம், 2021 டிசம்பரில் ஆண்டுக்கூட்டம் வைக்க முடிவெடுத்தபோது, சுகாதார விதிகளை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்தது.

சூமில் கூடலாம் என்றும் ஒரு கதை வந்தது. மாம்புரியிலிருந்து வரும் ஆசிரியை திரேசா அதை அந்த இடத்திலேயே முடித்துவைத்தாள். தன் வீட்டில் சிக்னல் பிடிக்கக் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்கவேண்டும், கூட்டம் முடிவதற்குள் உள்ளே விழுந்துவிடுவேன் என்றாள். சரி, நேரில்தான் என்றாகியது. முகக்கவசத்துக்கு அரை மணி நேர வாக்குவாதம். கதிரைகளுக்கிடையே ஒரு மீற்றரா, இரண்டா என்று இன்னொரு அரை மணி. ஸலாம் சொல்லிக் கைகொடுப்பதை நிறுத்தச் சொன்னதற்குச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவழியாக ஒன்பது விதிகள் நிறைவேறின.

பத்தாவது விதி சாப்பாட்டைப் பற்றியது. சஹன் வேண்டாம், ஆளுக்கொரு பார்சல் போதும் என்று எழுதியிருந்தாள். கூட்டம் முடிந்ததும் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது சங்கம் தொடங்கிய நாள் முதல் வழக்கம். திரேசாவும் அதில் ஊறிப்போனவள்.

தலைவி அலீமா அதை வாசித்துவிட்டு, "கடைசி துஆ ஓதினாக் கூட்டம் முடிஞ்சு மகள். சாப்பாடு கூட்டத்துக்குள்ள வராது" என்று வெட்டிவிட்டார். சட்டம் படித்தவர்களுக்குக்கூட இப்படியொரு ஓட்டை கண்ணில் பட்டிருக்காது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஸஃப்னா வாய் திறக்கவில்லை.

திறந்திருந்தால் வாப்பாவின் கதையைச் சொல்லவேண்டி வந்திருக்கும். ஏப்ரலில் அலீமாவின் மகளுக்குக் கல்யாணம். வாப்பா அங்கே சஹனில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல், பதினாறாம் நாள் மௌத். அப்போது கொரோனா மையித்துகளைத் தூரத்து ஓட்டமாவடியில்தான் அடக்கலாம் என்று அரசாங்கம் வைத்திருந்ததால், கபுறைக்கூட அவள் இன்னும் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது உம்மா. அவருக்கு மூச்சிழுப்பு வருத்தம். இதையெல்லாம் சொன்னால் அலீமாவை நோக்கி விரல் நீட்டியதாகிவிடும். தனிமைப்படுத்தலில் அவள் வீட்டை அடைத்து வைத்திருந்த பதினான்கு நாளும் கேற்றடிக்குச் சோறு அனுப்பியவர் அந்த அலீமாதான்.

கூட்ட நாளில் முன்பள்ளி மண்டபத்தில் ஒன்பது விதிகளும் பிசகாமல் நடந்தன. துஆ முடிந்தது. முகக்கவசங்கள் கைப்பைக்குள் போயின. பாய்கள் விரிந்தன, ஏழு சஹன்கள் வந்தன. ஒரு மீற்றருக்காகச் சண்டை பிடித்தவர்களே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அலீமாவின் சஹனில் ஐந்து பேர்.

"வாங்க மகள். ஆறு பேரும் சேராமக் கைவைக்க ஏலா."

ஸஃப்னா முகக்கவசத்தைக் கழற்றவில்லை. காலையில் உம்மா மூச்சுக்குத் திணறிய சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"எனக்கு ஏலா ராத்தா. ஊட்டுல உம்மா மட்டுந்தான் மிச்சம்."

வாப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. அலீமா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா கடைசியாப் போன விருந்து எங்கட ஊட்டுலதான். எனக்குத் தெரியும் மகள். அத ஒத்துக்கொள்ள ஏலாமத்தான் அந்த விதிய வெட்டின."

திரேசா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, பிள்ளைகளின் முயல் படம் போட்ட தட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். கரண்டிகள் தேடி எடுக்கப்பட்டன. நாற்பத்திரண்டு பெண்களும் தள்ளித்தள்ளி உட்கார்ந்து, உள்ளங்கையளவு தட்டுகளில் சாப்பிட்டார்கள்.

சஹனில் மூத்தவர்தான் இறைச்சித் துண்டை இளையவர் பக்கம் தள்ளிவிடுவார். வாப்பா ஸஃப்னாவுக்கு அப்படித் தள்ளிவிட்டுத்தான் தான் சாப்பிடத் தொடங்குவார். அலீமா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் சோறும் பெரிய துண்டாகப் பார்த்து இறைச்சியும் வைத்து ஸஃப்னா நின்ற ஜன்னல் விளிம்பில் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒரு மீற்றர் பின்னால் போய் நின்றார்.

ஸஃப்னா அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். எட்டு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் அன்று இறங்கியது.

பின்னேரம் அவள் பத்தாவது விதியை மறுபடி எழுதினாள். 'துஆவுக்குப் பிறகும் இது பொருந்தும்' என்றொரு வரியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அலீமா ஒப்பம் வைத்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் ஸஃப்னாவின் கையெழுத்து கோணலாக இருக்கும்.