யானை போன பிறகும்

என்னைக் கலியாணத்துக்குக் கேட்டிருந்தவரிடம், விருப்பமில்லை என்று நேரிலேயே சொல்லிவிடத்தான் அன்று அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினேன். பூவரசங்குளத்தில் அப்போது ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். எனக்குக் காலை பஸ் தவறிவிட்டது.

காட்டோரம், பனிமூட்டத்துக்குள் ஒரு யானை வீதியை மறித்து நின்றது. அவர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார்.

“அசையாதேங்கோ. அது தன்பாட்டில போகும்” என்றார் மெதுவாக.

அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. யானை ஒரு கொப்பை முறித்துத் தின்றுவிட்டு, கனவில் நடப்பதுபோலப் பனிக்குள் கரைந்துபோனது.

“போயிட்டுது, ரீச்சர். இனிப் பயமில்லை.”

“ஓம்” என்றேன். கையை எடுக்கவில்லை. சொல்ல வந்ததையும் சொல்லவில்லை.

பயத்தில் அடித்த நெஞ்சைக் காதல் என்று நம்பிவிட்டேனோ என்று கலியாணத்துக்குப் பிறகும் யோசித்ததுண்டு. ஆனால் பின்னேரங்களில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்றும் அதே படபடப்புத்தான். எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு யானை வருவதில்லை.