மாமன் வீட்டு அரிசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கத்தைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தவன் நான்தான். திருடனுக்குப் பயந்து அல்ல, பெண்டாட்டிக்குப் பயந்து. பீரோ சாவி அவள் இடுப்பில் இருக்கும். என் பையை அவள் தினமும் உதறுவாள். அரிசிக்குள் யார் கைவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று வேளையும் சோறு பொங்குகிற வீட்டில் இருந்துகொண்டு இப்படி நினைப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

விஷயம் இதுதான். அக்கா மகள் சந்தியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். எங்கள் குடும்பத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பொன்பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. காகிதம் போல மெல்லிய தங்கத் தகடு, இரண்டு முனையிலும் மஞ்சள் நூல். நானோ மறைமலைநகர் தொழிற்சாலையில் ஆட்குறைப்புக்கு ஆளாகி, பல மாதம் வீட்டில் சீலிங் ஃபேனை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் வேறு இடத்தில் சேர்ந்திருந்தேன். தங்கம் இன்று விற்கிற விலையில் தகடு என்ன, அதன் தூசியைக்கூட என்னால் வாங்க முடியாது. அது தெரிந்து, செங்கல்பட்டில் இருக்கும் வசந்தா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் ஜிமிக்கி ஜோடியைக் கையில் வைத்து அழுத்தினாள்.

"இத்த அழிச்சு பட்டம் பண்ணிக்கடா. நீ போட்டதாவே இருக்கட்டும். யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

யாரிடமும் என்றால் என் மனைவி கலையரசியும் அதில் அடக்கம் என்று நானாக முடிவு செய்தேன். தம்பி கௌரவத்துக்காக அக்கா காதைக் காலிசெய்தாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பட்டம் கண்ணில் பட்டால் "ஏது துட்டு?" என்று கேட்பாள். எனக்குப் பொய் வராது, மூக்கு வியர்க்கும். ஆகவே வியாழக்கிழமை ஆசாரியிடமிருந்து வாங்கிவந்த சிவப்புச் சுருக்குப் பை, நேராக டிரம்முக்குள் போனது.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஊரப்பாக்கம் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தோம். செங்கல்பட்டுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். கலை ஜன்னலோரம், நான் பக்கத்தில். புது வேட்டி, புதுச் சட்டை, மடியில் பழத்தட்டு. தாய்மாமன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துகொண்டிருந்தது. மறைமலைநகரில் ஏறிய ஒருவர் ஐந்து கிலோ அரிசிப் பையை என் காலடியில் தொப்பென்று வைத்தார்.

அரிசிப் பையைப் பார்த்தேன். சுருக்குப் பையை எடுக்கவே இல்லை!

சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கித் திரும்பிவிடலாமா? என்ன காரணம் சொல்வது? மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன். "நம்ம டிரம்முல அரிசி எவ்ளோ இருக்கும்?"

"கல்யாணத்துக்குப் போற வழியில இன்னா அரிசிக் கணக்கு?"

"சும்மா கேட்டேன்."

"காலி. நேத்து சாயங்காலம் நீங்க வேலைக்குப் போயிருக்கசொல்ல உங்க அக்கா வூட்டு மாமா வண்டி எடுத்துகினு வந்தாரு. மொத்தத்தையும் மூட்டையில கொட்டி அனுப்பிட்டேன். மொத பந்திக்கு மாமன் வூட்டு அரிசிதான ஒலையில போடணும்?" என்றவள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன், அதுக்குள்ள எதனா சொத்து வெச்சிருந்தீங்களா?"

"சேச்சே! அரிசிக்குள்ள நான் இன்னா வெக்கப்போறேன்?"

அதற்குப் பிறகு பரனூர் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. செங்கல்பட்டுக்குள் நுழையும்போது ரயிலோடு கூடவே வருகிற கொளவாய் ஏரி, வெயில் பட்டுத் தகதகவென்று ஒரு பெரிய தங்கத் தகடு மாதிரி கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கல்யாணம் நடக்கும் மாமல்லபுரம் அங்கிருந்து பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர். முப்பது ரூபாய் டிக்கெட். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முன்னால் ஒரு மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், பேண்டு வாத்தியம், நடுரோட்டில் ஆட்டம். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கல்யாணத்தைச் சபித்தேன். மலைமேல் கோயில் தெரிந்தது. கும்பிட்டேன். அரிசி இன்னும் உலை ஏறக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கலை எனக்கு மோர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். "ரொம்ப வேர்க்குது உங்களுக்கு" என்றாள்.

மண்டபம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி போகும் கடற்கரைச் சாலையில். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். பேரம் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். இதில் அவரே சற்று ஏமாந்துபோனார்.

"இன்னா அண்ணாத்த இவ்ளோ அவசரம்? நீதான் மாப்பிள்ளையா?"

"தாய்மாமன்."

"அப்ப மெதுவாவே போலாம். மாமன் இல்லாம பொண்ண மேடையில ஏத்த மாட்டாங்க. நீ இன்னாத்துக்கு பேஜாராவுற?"

கலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூசி என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மண்டபம். அக்காவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை. நேரே சமையல் கட்டு. சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளில் முதலாவதைப் பிரித்து முழங்கை வரை கைவிட்டேன்.

"சார், இன்னா தேடுறீங்க?" சமையல் மாஸ்டர், கையில் கரண்டியோடு.

"கல்லு இருக்கான்னு பாக்கறேன்."

"அது கடை அரிசி. மிஷின்லயே கல்லு எடுத்துட்டுத்தான் குடுப்பான்."

"மாமன் வூட்டு மூட்டை?"

"அது அப்பவே ஒலையில போயி வடிச்சும் ஆச்சு. மொத பந்தி ஓடிகினு கீது."

"கழுவசொல்ல அதுல எதனா கெடச்சுதா?"

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல அரிசிதான் சார். புழு எதுவும் இல்ல. பயப்படாதீங்க."

பந்தி நடந்த கூடத்துக்கு ஓடினேன். நூறு இலைகள். நூறு இலையிலும் என் வீட்டுச் சோறு. அதில் ஏதோ ஒன்றில் அக்காவின் ஜிமிக்கி. பரிமாறுகிறவன் கையிலிருந்த சோற்று வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கரண்டியையும் வாளிக்குள் கிளறி, உதிர்த்து, உற்றுப் பார்த்து இலையில் வைத்தேன். வேண்டாம் என்றவர்களுக்கும் வைத்தேன், வாளியின் அடி தெரியவேண்டுமே. மாப்பிள்ளையின் பெரியப்பா மென்றுகொண்டிருந்தவர் திடீரென்று வாயை நிறுத்தினார். எனக்கு உயிரே நின்றது. அவர் மிளகாயைத் துப்பினார்.

"பாத்துக்கங்கப்பா" என்றார் அவர், பக்கத்து இலைக்காரரிடம். "மேடையில மாலை போட்டு ஒக்கார வேண்டிய மனுசன், வாளி தூக்கிகினு நிக்கிறாரு. மாமன்னா இவுருதான் மாமன்!"

ஒரு வரிசையே தலையாட்டியது. இவ்வளவு புகழ் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை, இவ்வளவு கேவலமாகவும் நான் எப்போதும் உணர்ந்ததில்லை. மூன்று பந்தி பரிமாறினேன். பாத்திரம் கழுவும் இடத்தில் எச்சில் இலைக் குவியலைக்கூடக் குச்சியால் கிளறினேன். பை இல்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு, பூமாலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாமல்லபுரம் கடைத்தெருவுக்கு வந்தேன். உளிச் சத்தம் கேட்கிற தெருவில், பூஜைச் சாமான் கடை ஒன்றில் கில்ட் பட்டம் அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. அசல் மாதிரியே மினுமினுத்தது. யாருக்கும் தெரியாது. சந்தியா அதை வாழ்நாள் முழுக்க மாமன் போட்ட தங்கம் என்று பெட்டியில் வைத்திருப்பாள். என்றாவது ஒருநாள் அவசரத்துக்கு அடகுக் கடைக்கு எடுத்துப்போவாள். அந்த இடத்துக்கு வந்ததும் என் கற்பனை நின்றுவிட்டது.

கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தேன். வெளியூர்க்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசகர்களுக்காக அந்தக் காட்சியை வர்ணிக்கவேண்டியது என் கடமை. மன்னிக்கவேண்டும், எனக்கு நுரையெல்லாம் சோறு வடித்த கஞ்சியாகத்தான் தெரிந்தது.

அன்று இரவு வரவேற்பில் அக்கா என் தோளில் தட்டி, "பட்டம் பத்திரமாடா?" என்றாள். தலையாட்டினேன். அவள் காதில் கவரிங் ஜிமிக்கி ஆடியது.

ஞாயிறு விடிந்தது. மணப்பெண் அறை வாசலில் நாதஸ்வரக்காரர் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் கில்ட் பட்டம். அக்கா குங்குமச் சிமிழோடு வெளியே வந்தாள். அந்தக் கவரிங்கைப் பார்த்துக்கொண்டு என்னால் மேடை ஏற முடியவில்லை.

"அக்கா, பட்டம் போச்சு. அரிசி டிரம்முல வெச்சேன். கலை தெரியாம மூட்டையில கொட்டிட்டா. சோத்தோட போச்சு. இது கில்ட்."

அக்கா கில்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குங்குமச் சிமிழை என் தலையில் போடப் போகிறாள் என்று குனிந்தேன்.

"கலை! இங்க வாடி. உம் புருசன் ஒருவழியா வாயத் தொறந்துட்டான்."

கலை வந்தாள். முந்தானை முனையில் போட்டிருந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். சிவப்புச் சுருக்குப் பை. ஓரத்தில் ஓர் அரிசிமணிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு மொதல்லயே தெரியும்டா" என்றாள் அக்கா. "நான் உங்கிட்ட ஜிமிக்கியக் குடுக்கறதுக்கு முன்னாடியே தன் வளையலக் கழட்டிகினு எங்கிட்ட வந்தா. 'இத்த வெச்சுப் பட்டம் பண்ணுங்க, அவருக்குத் தெரிய வேணாம்'னா. இருக்கறது ஒரு ஜோடி, போட்டுக்கடின்னு நாந்தான் திருப்பி அனுப்பினேன். போ, மூஞ்சியக் கழுவிகினு மேடைக்கு வா."

சந்தியாவின் நெற்றியில் பட்டம் கட்டும்போது நூல் இரண்டு முறை நழுவியது. "இன்னா மாமா, அழுவுறியா?" என்று கிசுகிசுத்தாள். ஓமப் புகை என்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். நெம்மேலி வரை ஷேர் ஆட்டோ, அப்புறம் திருப்போரூர், கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி மாறி ஊரப்பாக்கம். நெம்மேலியில் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்துச் சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் ஆலையைத் தாண்டினோம். அவர்கள் ஒரு கடலையே சலித்துவிடுகிறார்கள். நான் ஒரு மூட்டை அரிசியில், அதில் இல்லாத பையை ஒருநாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். வீட்டில் டிரம் காலியாக இருக்கிறது, இறங்கியதும் அரிசி வாங்கவேண்டும். இந்தத் தடவை கொட்டும்போது பக்கத்தில் நிற்கப் போகிறேன்.

கேளம்பாக்கம் தாண்டி பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கலையின் கையைப் பார்த்தேன். அந்த ஒரு ஜோடி வளையல், ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே கையில கெடச்சிருக்கு. நான் பட்ட பாட்டையும் கூடவே இருந்து பாத்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"ரயில்லயே கேட்டேனே."