லீட்ஸ் நாக்கு

கிருபைராஜின் பாஸ்போர்ட் இந்தியாவுடையது, வயிறு திருநெல்வேலியுடையது, நாக்கு மட்டும் இங்கிலாந்துக்காரனுடையது. லீட்ஸ் நகரில் பல வருஷம் கம்ப்யூட்டர் கோட் எழுதிவிட்டு 2005இல் அமெரிக்காவின் சான் ரமோனுக்கு வந்து இறங்கியவர், லிஃப்ட் கதவைப் பிடித்தவனுக்கெல்லாம் நன்றியாக ‘சியர்ஸ் மேட்’ என்பார். அலுப்பாக இருந்தால் ‘நாக்கர்ட்’ என்பார். ஆபீஸில் ஒருத்தருக்கும் புரியாது. மனுஷருக்கு அதில் அப்படியொரு பெருமை!

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தன் வேலையைத் தானே புகழ்வது அநாகரிகம் என்றும் அங்கே கற்றுக்கொண்டு வந்திருந்தார். பெரிய சிக்கலை ஒற்றை ஆளாகத் தீர்த்திருப்பார். மேனேஜர் டான் கேட்டால், ‘நாட் டூ பேட்’ என்பதோடு சரி. பக்கத்து சீட்டு பத்மநாபனோ ஒரு பட்டனின் கலரை மாற்றிவிட்டு ‘ஆசம்!’ என்று அலறுவார். டான் யாரை நம்புவார், சொல்லுங்கள்?

கிரீன் கார்டுக்கு யார் பெயரை அனுப்புவது என்று டான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசும் வாரம் வந்தது. இது கைவிட்டுப் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி ஜெயலீலா தோசைக் கரண்டியோடு ஒத்திகைக் களத்தில் இறங்கினாள்.

“நான்தான் டான். இந்த வருஷம் வேலையெல்லாம் எப்படி?”

“நாட் டூ...”

“ஏங்க! ஆசம் சொல்லுங்க. கையை நல்லா விரிச்சு!”

“வெக்கமா இருக்கு லீலா.”

“சொன்னாத்தான் தோசை.”

“ஆசம்,” என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

மகள் ஜெபினா சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள். “டாடி, யூ ஸவுண்ட் ஸோ சாட்!”

மீட்டிங் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், அதை நிதானமாக மடித்தும் வைத்தார். ஜெயலீலாவுக்கு உயிரே இல்லை.

“ஆசம் சொன்னீங்களா?”

“சொன்னேன். கையையும் விரிச்சேன். கைபட்டு காபி கப் கவுந்து போச்சு.”

“ஐயையோ! டான் மேலயா?”

“கீபோர்டு மேல. விழுந்து விழுந்து சிரிச்சான்.”

“கிரீன் கார்டு என்னங்க ஆச்சு?”

கிருபைராஜ் தொண்டையைச் செருமினார். “நாட் டூ பேட்.”

ஜெபினாவின் முகம் வாடியது. “மம்மி, ஆர் வீ லீவிங்?”

ஜெயலீலா கணவரின் கண்களைப் பார்த்தாள். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் அன்று பிறந்த ஜெபினாவைக் கையில் வாங்கி, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டு அவர் சொன்னதும் அதே வார்த்தைதான்.

“அப்பா, ஸ்தோத்திரம்!” என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.