கேத்திக் குளத்தில் அடங்காத குமிழி

2023 மார்ச் 14, செவ்வாய். ஐந்தேகாலுக்கு எழுந்து, வாசல் வெப்பமானியில் ஒன்பது டிகிரி என்று குறித்துவிட்டு, காந்தலில் ஏழு மணி பஸ் ஏறிக் கேத்திக்குப் போனேன். நீருக்கடியில் வெடி வெடித்தால் உண்டாகும் வாயுக் குமிழி எவ்வளவு பெரிதாகும், அதன் மேலுள்ள நீர் எவ்வளவு உயரம் எழும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். பெரும்பாலும் துறைமுக வேலைகள். கேத்தியில் காரட் தோட்டக்காரர் ஒருவர் தன் குளத்தடிப் பாறையை உடைக்க ஆள் அமர்த்தி, என்னிடம் கணக்குக் கேட்டிருந்தார். குமிழி நீருக்குள்ளேயே சுருங்கிவிடும், முப்பது மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்று, வெடிமருந்தின் அளவையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தேன்.

பத்து இருபதுக்கு வெடித்தது. குமிழி சுருங்கவில்லை, நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சேறும் கல்லும் கரை தாண்டிப் பறந்தன. நான் சொன்ன தூரத்தில் நின்ற வெடிகாரரின் முகத்தில் ஒரு கல் அடித்தது. வலது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. விழுந்தவர் மேல் இன்னும் சேறு கொட்டிக்கொண்டிருந்தது.

தோட்டக்காரர் ஓடிவந்து அவர் விலாவில் உதைத்தார். "மருந்த அள்ளிக் கொட்டிப்போட்டு நாடகமாடறயா? உன் லைசென்ஸக் கிழிக்காம உடமாட்டேன்."

அந்த லைசென்ஸ் போனால் வெடிகாரருக்கு வேறு பிழைப்பு இல்லை. அவர் ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடினார். "ஏனுங்க சார், நீங்க எழுதின அளவுதானுங்க வெச்சேன். சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. என் கணக்குத் தப்பாது என்றுதான் அப்போது நம்பினேன். கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அளவுக்கு மீறி மருந்து வைத்ததாக மதியமே அவர் மேல் போலீஸில் புகார் ஆனது.

நாலரைக்கு வீட்டில் கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தேன். பதினேழாவது வரியில் காற்றழுத்தம் இருந்தது: கடல்மட்டத்து எண். துறைமுக வேலையிலிருந்து நகலெடுத்தபோது மாற்றாமல் விட்டிருக்கிறேன். ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று நீரை அமுக்குவது குறைவு, அதனால் குமிழி கூடுதலாகப் பெரிதாகும். இந்த மலையில் அரிசி வேக நேரமாகும் என்று தினமும் குக்கருக்கு ஒரு விசில் கூட்டி வைப்பவன் நான். எண்ணைத் திருத்தி ஓட்டினேன். மருந்து அதே அளவுதான். ஆறு ஐந்துக்குத் திரையில் குமிழி நீர்ப்பரப்பைப் பிளந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு கணக்குகளையும் அச்செடுத்து, வெடிகாரர் வைத்த அளவு சரி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஸ்டேஷனில் கொடுத்தேன்.