பேண்டு செட்டுக்கு எழுத்துரு பார்த்த கதை

காசிமேட்டுக் கடல்மேல் சத்தியம், இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. கம்ப்யூட்டரில் இசை நோட்டு அடித்துக் கொடுக்கும் தொழில் இருக்கிறதே, நன்றாக அமைந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பிசகினால் ராயபுரத்துக்கே கேட்கும். எழுத்துருவோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ஒல்லி அழகு

என் மென்பொருளும் இலவசம், அதில் போடும் இசை எழுத்துருக்களும் இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளலாம். எங்கள் பேண்டு மாஸ்டர் தேர்த்திருவிழாவுக்கு நூல் மாதிரி ஒல்லியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். திரையில் அது அழகுதான். ஒத்திகையில் நோட்டுத் தாளை வாத்தியத்தில் கிளிப் போட்டு மாட்டி வெயிலில் நடந்தபோது, நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடும் தாளில் கரைந்துவிட்டன. கிளாரினெட் அந்தோணி ஒரு வரி தாண்டி ஊத, எண்ணூர்ப் பக்கம் ஒரு கப்பல் ஹாரன் அடித்துப் பதில் சொன்னது.

மாஸ்டர் சொன்னார்: "கண்ணு அவிஞ்சி பூட்சு நைனா உனக்கு. தேர் அன்னிக்கும் இப்டி ஊதுனா, கிளாரினெட்ட வச்சிட்டு ஜால்ரா தட்டு."

மீன் ஆட்டோ

அந்தோணிக்குச் சோறே இறங்கவில்லை. கிளாரினெட் இல்லாத அந்தோணியை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியாது. கோளாறு எழுத்துருவில்தான் என்று எனக்குத் தெரியும். மீன் ஏற்றிய ஆட்டோவின் முதுகில் எழுத்துருவுக்கு ஒரு தாளாக ஒட்டினேன். கன்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோ தேர் வேகத்தில்தானே நகரும்? பின்னாலேயே அந்தோணி வாசித்துக்கொண்டு நடந்தார். ஒன்றில் வெள்ளை நோட்டின் நடு ஓட்டை அடைத்துக்கொண்டு கறுப்பு நோட்டாகத் தெரிந்தது. இன்னொன்றில் சுரத்தை இறக்கும் ஃப்ளாட் குறியும், பழையபடி ஆக்கும் நேச்சுரல் குறியும் ஒரே ஜாடை. தடித்த கோடும் பெரிய நோட்டுத் தலையுமாக ஒன்று வந்தது பாருங்கள், மனிதர் திருவொற்றியூர் வரை பிசகாமல் ஊதிக்கொண்டே போய்விட்டார்.

ஆட்டோவிலிருந்த மீன்கார அம்மா எட்டிப் பார்த்தாள்: "யோவ், நிறுத்துயா. உன் பாட்டு கேட்டு என் வஞ்சிரமெல்லாம் ஐஸ்ல எழுந்து குந்திகினு கீது."

தேர் அன்று

எல்லோருக்கும் சத்தமில்லாமல் தடித்த எழுத்துருவில் அச்சடித்தேன். மாஸ்டருக்கு மட்டும் அவர் ஆசைப்பட்ட ஒல்லி. உச்சி வெயிலில் முனை திரும்பியதும் செட்டு முழுக்கப் பாட்டின் அடுத்த பகுதிக்குப் போனது, அந்தோணி முன்னணியில். டிரம்பெட்டோடு முன்னால் போன மாஸ்டர் மட்டும் பழைய பகுதியிலேயே தனியாக ஊதிக்கொண்டிருந்தார்.

தேர் நிலைக்கு வந்ததும் என்னை ஓரமாக அழைத்தார்: "அந்தோணி கண்ணு ஷோக்கா ஆயிட்ச்சுபா. இன்னா மருந்து ஊத்திக்கிறான்னு நைசா கேட்டு சொல்லு, எனக்கும் வோணும்."

நல்ல எழுத்துருவுக்குக் கிடைக்க வேண்டிய பேர் கண் மருந்துக்குத்தான் போகும் என்பதே எங்கள் தொழிலின் தலையெழுத்து. மாஸ்டர் இன்னும் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்குவதால், இதைச் சொன்னது நான்தான் என்று தயவுசெய்து ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள்.