பதினைந்து விநாடியில் நான் ஓடியதே இல்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் நன்றி சொல்லப் போகிற பெண்ணை ஒரு வாரம் முழுக்க வாய்க்கு வந்தபடி பேசியவள் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பகுதியான சாரத்திலிருந்து சைக்கிள் மிதித்து டவுனுக்குப் போய்ப் படித்தேன். கணக்கு வராது, அறிவியல் சுமார், ஓட்டம் மட்டும் வரும். பள்ளிகளுக்கு இடையேயான போட்டியில் நூறு மீட்டருக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள். அந்த ஒருத்தி நானாக இருந்தால் காலைப் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். இல்லையென்றால் ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக்குப் படிக்க வேண்டும். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அந்த இடத்துக்கு இன்னொருத்தியும் இருந்தாள். என் வகுப்புதான், எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவாள். அவளுடைய வாப்பாவுக்கு முல்லா வீதிப் பக்கம் தையல் கடை. எங்கள் பள்ளிச் சீருடையில் பாதி அந்தக் கடையில் தைத்ததுதான். நன்றாக ஓடுவாள். ஆனால் என்னை ஒரு நாளும் முந்தியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

முந்தின வருடம் தேர்வில் பாரபட்சம் என்று இரண்டு பெற்றோர்கள் மைதானத்திலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் பி.டி. சார் இந்த முறை விதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். ஐந்து நாள் ஓட வேண்டும். ஐந்து நேரத்தையும் கூட்டி ஐந்தால் வகுப்பார். யாருடைய சராசரி குறைவோ அவளுக்கு இடம். ஸ்டாப்வாட்ச் சார் கையில். நோட்டில் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று.

முதல் இரண்டு நாள் சொல்லி வைத்த மாதிரி ஓடினேன். மூன்றாம் நாள் காலை எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. முதல் நாள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். வீட்டில் சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று வாயைத் திறக்காமல் கிளம்பி வந்தேன். பாதி தூரத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீதியைத் தட்டுத் தடுமாறி ஓடி முடித்தேன். பதினெட்டு விநாடி. உடம்பு சரியில்லை என்று சாரிடம் சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். என்ன உடம்புக்கு என்று ஓர் ஆண் வாத்தியாரிடம் விளக்க அந்த வயதில் எனக்கு நாக்கு எழவில்லை. மற்ற இரண்டு நாளும் பழையபடி ஓடினேன்.

என் நேரங்கள் இவை: 14.2, 14.3, 18, 14.1, 14.4. கூட்டினால் எழுபத்தைந்து, சராசரி பதினைந்து. அவளுடையவை 14.6, 14.5, 14.8, 14.7, 14.6. சராசரி 14.64. அவள் பெயரை ஒட்டினார்கள்.

பதினைந்து விநாடியில் நான் ஒரு நாளும் ஓடியதில்லை. நல்ல நாளில் அதைவிட வேகம், கெட்ட நாளில் அதைவிட எவ்வளவோ மெதுவு. நான் ஓடாத ஒரு வேகத்தை என் பெயருக்கு நேரே எழுதி வைத்திருந்தார்கள். இதை சாரிடம் கேட்கத் துப்பில்லாமல் அவள் மேல் பாய்ந்தேன். பதினெட்டு என்று எழுதும்போது சிரித்தாள் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்று காலை பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்த எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான்.

அந்த வாரம் கணக்கில் புள்ளியியல் நடந்துகொண்டிருந்தது. ஏதாவது எண்களைத் திரட்டி, சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் கண்டுபிடித்து, ஒரு வரைபடமும் போட்டு வரச் சொன்னார் டீச்சர். நான் எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று நாலு வீட்டோடு முடித்துக்கொண்டேன். அவள் எங்கள் இருவரின் ஓட்ட நேரங்களை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் என் கையைப் பிடித்துத் தரதரவென்று பி.டி. சார் அறைக்கு இழுத்துப் போனாள். சண்டைக்குத்தான் இழுக்கிறாள் என்று நானும் தயாராகவே போனேன். அவள் ஒரு கிராஃப் தாளை மேஜையில் விரித்தாள். பதினாலிலிருந்து பதினெட்டு வரை ஒரு கோடு. ஓட்டத்துக்கு ஒரு புள்ளி. அவளுடையது கறுப்பு மை, என்னுடையது சிவப்பு. கறுப்புப் புள்ளிகள் ஐந்தும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. 14.6 இரண்டு முறை வந்ததால் அங்கே ஒன்றின் மேல் ஒன்று. என் சிவப்புப் புள்ளிகளில் நாலு அவற்றுக்கு இடப்பக்கம் நெருங்கி நின்றன. ஒன்று மட்டும் தாளின் மறுகோடியில், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி தனியாக நின்றது.

நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

அவள் வாப்பாவின் கடைக்கு வரும் பென்ஷன்கார சொல்தாக்களைப் பற்றி சாரிடம் சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அந்தத் தாத்தாக்கள் ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தினத்துக்கு மெடல் குத்திக்கொள்ளக் கோட்டு தைக்க வருவார்கள். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் விறைப்பாக நின்று வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் வாப்பா பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூன்று தடவை அளப்பாராம்.

"கூட்டி வகுத்தா எக்குன வயிறும் கணக்குல வந்துடும் சார். மூணையும் வரிசையா வச்சி நடு அளவுலதான் வாப்பா துணி வெட்டுவாரு."

சார் அந்த ஒற்றைச் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அன்றைக்கு என்னதான் ஆச்சு என்று கேட்க வாயெடுத்தார். அவள் குறுக்கே புகுந்தாள். "அது எதுக்கு சார்? அஞ்சையும் வரிசையா வச்சா நடுவுல எது நிக்குதுன்னு பாருங்க, போதும்."

அந்தக் கணத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. என் மானத்தை ஒரே வரியில் காப்பாற்றிவிட்டாள்.

சார் வரிசைப்படுத்தினார். எனக்கு நடுவில் 14.3. அவளுக்கு 14.6. பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இப்படிப் பாத்தா உன் எடம் போயிடுமே, தெரியுதா?"

"தெரியும் சார். வீட்ல போட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

திங்கட்கிழமை போர்டில் புது விதி ஒட்டியிருந்தது, சராசரி என்ற சொல் இருந்த இடத்தில் இடைநிலை. கீழே என் பெயர். முதலில் அவள் பெயர் வந்த அன்றே அவளுடைய வாப்பா நீல டிராக் சூட்டுக்குத் துணி வெட்டிவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

போட்டியில் மூன்றாவதாக வந்தேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கல்லூரி முடியும்வரை ஓடினேன். இன்றைக்கு என் சோறு ஓட்டத்தில்தான் வருகிறது, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவள் எனக்குக் கொடுத்தது ஓர் இடமல்ல, ஒரு வாழ்க்கை. அதை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

வெண்கலப் பதக்கத்தைப் பள்ளியில் முதலில் அவளிடம்தான் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். ரெண்டாவதா ஓடுறவள்னு தெரிஞ்சுக்கிட்டே போய்க் கோட்டில் நிற்கக் கால் வரவில்லை என்றாள். மனசு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நானா இருந்தா அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டிருப்பேன்டி."

பதக்கத்தை என் கழுத்தில் திரும்ப மாட்டி, நாடாவை நேராக்கிவிட்டாள்.

"தெரியும்டி," என்றாள்.