எஞ்சினின் கால்மாட்டில் குங்குமம்

முப்பத்தொரு வருடம் பாலிடெக்னிக்கில் இயந்திரங்களின் அதிர்வைப் பற்றிப் பாடம் நடத்தினேன். அத்தனை வருடத்தில் ஓடுகிற எஞ்சின் ஒன்றின் மேல் கை வைத்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கரும்பலகையில் வரைந்த எஞ்சின் மிகவும் ஒழுக்கமானது. எண்ணெய் ஒழுகாது, சத்தம் போடாது, நான் சொன்ன காரணத்துக்காக மட்டுமே அதிரும். ஓய்வு பெற்ற பிறகு தென்காசியில் என்னை நிபுணர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். நான் மறுக்கவில்லை. இனி எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மறுக்காமைதான்.

என் பழைய மாணவர் ஒருவர் குற்றாலத்துக்குப் போகும் வழியில் இருந்த தன் குடும்பத் தோப்பை விடுதியாக மாற்றியிருந்தார். தோப்புக்குள் ஒரு குளம். அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போடும் நாட்களில், துண்டும் எண்ணெயுமாக வந்து ஏமாந்து நிற்கும் குடும்பங்களைத் தண்ணீரில் எங்கேயாவது உட்கார வைக்க வேண்டுமே, அதற்காக ஒரு படகு. மிதிபடகு போதும். இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கிவிடலாம், குளம் அவ்வளவுதான். ஆனால் முதலாளியான என் மாணவருக்குக் கொல்லத்தில் ஒரு பழைய மர லாஞ்சு பிடித்துப்போனது. டீசல் எஞ்சின் படகின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வகை. காயலில் ஓடிய அந்தப் படகு ஆரியங்காவு வழியாக லாரியில் ஏறி வந்து எங்கள் குளத்தில் இறங்கியது. எந்தப் பிறவியில் செய்த பாவமோ.

படகை ஓட்டியவர் அச்சன்புதூர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தூத்துக்குடியில் பன்னிரண்டு வருடம் லாஞ்சு ஓட்டியவர். என்னைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேச மாட்டார். அந்தக் குணத்தைப் பணிவு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

நான்கு சீசனுக்கு முன்னால், சாரல் தொடங்கிப் பதினைந்தாம் நாள், படகு நடுங்க ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் பலகைகள் எல்லாம் பல் அடித்துக்கொள்ளும். கியரை முன்னுக்கோ பின்னுக்கோ மாற்றினால் அடியில் தொம் என்று ஒரு அடி விழும். புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் முன்பைவிட அதிகமாகச் சொட்டியது. முதலாளி எனக்கு போன் செய்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு போய் இறங்கினேன்.

ஓட்டுநர் எஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். குனிந்து டார்ச் அடித்தேன். எஞ்சினுக்கு நான்கு கால்கள். ஒவ்வொரு காலும் ஒரு ரப்பர் மெத்தையில் உட்கார்ந்து, மெத்தையோடு சேர்த்துப் படகின் மரச்சட்டத்தில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருந்தது. நான்கு போல்ட்டுகளைச் சுற்றியும் நல்ல சிவப்புத் தூள். சீசன் தொடக்கத்தில் எஞ்சினுக்கு மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை நடந்தது. நானும் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். ஆகவே ஓட்டுநரைப் பார்த்து மனமாரப் பாராட்டினேன். காலுக்குக்கூட விடாமல் குங்குமம் வைத்திருக்கிறீர்களே என்றேன்.

"அது குங்குமம் இல்ல சார்வாள்," என்றார். "துடைக்கத் துடைக்க வருது. போல்ட்டு லூசு. கட்டை இத்துப்போச்சு. கியரு போட்டா இஞ்சினே எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது."

நான் கையை உயர்த்தினேன். முப்பத்தொரு வருடம் வகுப்பை அடக்கிய கை. அவரும் அடங்கினார்.

எஞ்சின் எழுந்து உட்காருவது என் பாடத்திட்டத்தில் இல்லை. தண்டு வளைந்தால் அதிர்வு வரும் என்பது இருந்தது, படத்தோடு. தண்டு எதனால் வளையும்? மோதலால். எதில் மோதியிருக்கும்? குளத்தின் மேற்குக் கரையோரம் ஒரு பாறை இருந்தது. படகின் அடிப்பலகையில் ஒரு நீளக் கீறலும் இருந்தது. அது லாரியில் ஏற்றும்போது விழுந்தது என்று ஓட்டுநர் சொன்னார். குற்றவாளி வேறென்ன சொல்வார்? மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதினேன். இரண்டு படங்கள், ஒரு சமன்பாடு. கடைசிப் பத்தியில், ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று கறுப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

மறுநாள் காலை ஓட்டுநர் தன் சாப்பாட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.

படகைக் கரையேற்றித் தண்டைக் கழற்றி, தென்காசியில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள். பட்டறைக்காரர் எனக்கு போன் செய்தார். "சார், சுத்திப் பாத்துட்டேன். நூலு புடிச்ச மாதிரி நேரா இருக்கு. இதுல எந்த எடத்துல நான் நிமித்த?" என்று கேட்டார். அவருடைய லேத்தைச் சரிபார்க்கச் சொன்னேன்.

அன்று மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தனியாகப் படகுக்குள் இறங்கினேன். சிவப்புத் தூளை விரலில் எடுத்து முகர்ந்தேன். இரும்பு வாசம். தளர்ந்த போல்ட் நாளெல்லாம் இரும்போடு உரசி உரசி அரைத்துத் தள்ளிய துரு அது. எஞ்சின் காலுக்கு அடியில் ஒரு கடப்பாரையை நுழைத்து லேசாக நெம்பினேன். ஒரு விரல் உயரம் எழுந்தது. விட்டதும் தொம் என்று உட்கார்ந்தது. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது. அதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல் இறங்கியது. தண்டின் ஓரம் சொட்டிய நீரும் சிந்திய டீசலும் சேர்ந்து மரத்தை ஊறப்போட்டிருந்தன.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது முதலாளிக்கு ஒரு போன். செய்தது வேறு. கடைவீதியில் பழையவற்றைவிட நீளமான நான்கு போல்ட்டுகளை வாங்கிவந்து, இத்த மரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நல்ல மரத்தில் கவ்வும்படி நானே முறுக்கிவைத்தேன். தண்டு திரும்பி வந்து மாட்டப்பட்டதும் படகு வாயை மூடிக்கொண்டு ஓடியது. தண்டை நிமிர்த்தியதில் சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மேலே படகு நிறையக் குழந்தைகள் போய்வந்துகொண்டிருக்க, கீழே இத்த மரத்தின் மேல் என் மானம் நான்கு போல்ட்டில் நின்றுகொண்டிருந்தது. சால்வை பீரோவில் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

இந்த சீசனில் மறுபடியும் போன் வந்தது. படகு நடுங்குகிறதாம். அதே தொம் சத்தம். "புது டிரைவரும் பாறையில ஏத்திட்டான் போல இருக்கு சார். நீங்க வந்து ஒரு அறிக்கை குடுத்துட்டா இவனையும் அனுப்பிரலாம்," என்றார் முதலாளி.

என் புலமை அங்கே ஒரு நிரந்தர ஏற்பாடாகியிருந்தது. படகு நடுங்கும்போதெல்லாம் நான் போய் ஒருவருடைய வேலையை எடுத்துவிட்டு வர வேண்டும். போனிலேயே சொல்லிவிட்டேன். பாறையில் யாரும் ஏற்றவில்லை, அன்றும் ஏற்றவில்லை, தண்டு நேராகத்தான் இருந்தது, அது எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரியும் சார்," என்றார். "பட்டறைக்கார அண்ணாச்சி அன்னைக்கே சொல்லிட்டாரு. ஆனா நீங்க எழுத்துல குடுத்தாச்சு. சாரைப் போயி எப்பிடித் தப்புன்னு சொல்லுதது? அதான் அப்பிடியே விட்டுட்டேன்."

எனக்கு மரியாதை செய்யும் பொருட்டு இன்னொருவரின் பிழைப்பைக் காவு கொடுத்திருக்கிறார். பட்டறைக்காரர் மரியாதைக்காக என்னிடம் இரண்டாம் முறை பேசவில்லை. ஓட்டுநர், நான் கையை உயர்த்தியதும், மரியாதைக்காக வாயை மூடினார். இத்தனை மரியாதையையும் வாங்கிப் போட்டுக்கொண்டு நான் காலையில் நடைப்பயிற்சி போய்வந்தேன்.

மறுநாள் அச்சன்புதூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்தபோது ஒருவர், "யாரு, பாறையா?" என்று கேட்டு வழி காட்டினார். விடுதியை விட்டுப் போன பிறகு ஓட்டுநர் இரண்டு இடங்களில் படகு வேலை கேட்டிருக்கிறார். பாறையில் ஏற்றியவர்தானே என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். பாறை என்ற பெயர் அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வரும் வழியெல்லாம் தயாரித்த மன்னிப்பு நல்ல தமிழில் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே குழாயை நிறுத்திவிட்டு, "கட்டையை மாத்துனீங்களா, போல்ட்டை மட்டும் முறுக்குனீங்களா?" என்று கேட்டார்.

போல்ட்டை மட்டும் என்றேன்.

"நாலு வருசம் அதுலயா ஆளை ஏத்துதீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வந்து சரிசெய்து தர முடியுமா என்று கேட்டேன். வாளியில் இருந்த துணியைப் பிழிந்து வேன் கதவைத் துடைத்து முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"வாரேன். சார்வாள் மொதல்ல எழுதிக் குடுக்கணும். குடுத்தாப் போதாது, டிக்கெட் குடுக்குற எடத்துல நின்னு வாசிக்கணும். எனக்கு அங்கனதான் பேரு வச்சாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்று வாசித்தேன். இந்த முறை ஒரே பக்கம், படம் இல்லை, சமன்பாடு இல்லை. காரணம் கவனக்குறைவு, அது அறிக்கை எழுதியவருடையது என்ற வரியை வாசிக்கும்போது கண்ணாடியில் சாரல் விழுந்து எழுத்து கலங்கியது. மனப்பாடமாக இருந்ததால் தப்பித்தேன். டிக்கெட் கொடுப்பவர், சமையற்காரர், புது ஓட்டுநர், முதலாளி எல்லாரும் கேட்டார்கள். டிக்கெட்காரர் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் அவ்வளவு மெதுவாக இல்லாமல் சொன்னார்: "அப்பம் சார்தாம்லே பாறை."

பிறகு வேலை நடந்தது. தண்டை எஞ்சினிலிருந்து பிரித்து, எஞ்சினைச் செயின் போட்டுத் தூக்கி நிறுத்தினார். இத்த மரத்தை உளியால் வெட்டி எடுத்தார். ஈர மண்போல் உதிர்ந்தது. செங்கோட்டையில் அறுத்து வந்த வேங்கை மரத்துண்டை அந்த இடத்தில் இறுக்கிப் பொருத்தி, மரத்தில் பாதியில் நிற்கும் போல்ட்டுக்குப் பதிலாக மறுபக்கம் வரை போய் இரும்புத் தகட்டில் நட்டு ஏறும் போல்ட்டாகப் போட்டார். ரப்பர் நான்கும் புதிது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு நட்டு, ஒன்றை ஒன்று பூட்டும்படி. கடைசியில் எஞ்சினும் தண்டும் சேரும் இடத்தில் மெல்லிய தகட்டை நான்கு பக்கமும் நுழைத்துப் பார்த்து, இடைவெளி ஒன்றுபோல் வரும்வரை கால்களை ஏற்றி இறக்கினார். அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். நான் எண்ணெய்த் தண்ணீரில் மண்டியிட்டு டார்ச் பிடித்தேன். வெளிச்சம் நகர்ந்தபோது, "சார்வாள், கவனம்," என்றார்.

குளத்தில் ஆறு சுற்று ஓட்டினோம். கியரை மாற்றும்போது அந்தத் தொம் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. கரைக்கு வந்ததும் முதலாளி, நாளையிலிருந்து வந்துவிடுங்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டார். உண்மையாகவே கேட்டார். "நாளைக்கு வேன் இருக்கு அண்ணாச்சி. பிள்ளையள் ரோட்டுல நிக்கும்," என்றார் அவர். நான் வாசித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாளால் அவருக்கு அந்த நான்கு சீசனில் ஒரு நாளைக்கூடத் திருப்பித் தர முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போவதற்கு முன் எஞ்சின் பெட்டியை மறுபடி திறந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, நான்கு கால்களைச் சுற்றியும் அழுத்தித் துடைத்து, என் கண்ணாடிக்கு முன்னால் விரித்துக் காட்டினார். எண்ணெய்க் கறை இருந்தது. சிவப்பு இல்லை.

"இன்னைக்குப் பூசை கிடையாது சார்வாள்," என்றார்.